தட்டில் இல்லாத வசனம்

பாஸ்டர், அந்த அட்டை என் தம்பியின் கைக்குத் தானாக வரவில்லை. நீங்கள் அதைத் தனியாகச் செய்யச் சொன்னீர்கள். தனியாகக் கொண்டுவந்தீர்கள். தட்டிலிருந்து எடுத்தது போல் எடுத்து, கர்த்தர் கொடுத்தார் என்று சொல்லி அவனிடம் கொடுத்தீர்கள். அது பொய். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை அச்சடித்தவள் நான்.

உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

நான் கேளம்பாக்கத்தில் ஓர் அச்சுக்கடையில் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பிளெக்ஸ் பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் போடுகிற கடை. கம்ப்யூட்டரில் எழுத்து அடுக்குவதும், அச்சாகி வரும் தாளை மெஷினில் வெட்டுவதும் என் வேலை. வீடு சதுரங்கப்பட்டினத்தில். தினமும் திருப்போரூர் வழியாக பஸ்ஸில் போய் வருகிறேன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் பத்து விரலாலும் டைப் அடிக்கிறேன். என் தம்பி பெயிண்டர். அணுசக்தி ஊழியர்களின் அணுபுரம் குவார்ட்டர்ஸுகளுக்கு பெயிண்ட் அடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தான். முப்பது வயதிலேயே அவனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புது வருஷத்தன்று காலை ஆராதனை முடியும்போது ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டு முன்னால் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். வரிசையாகப் போய், கண்ணை மூடி, ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷத்துக்கு நமக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் அதுதான். சிலர் அதை போன் உறைக்குள் வைத்துக்கொள்வார்கள். சிலர் கதவில் ஒட்டுவார்கள். எந்த ஊருக்கு வேலைக்குப் போவது, எந்த வீட்டில் பெண் எடுப்பது என்பதையெல்லாம் அந்த அட்டையைப் பார்த்து முடிவு செய்தவர்களை எனக்குத் தெரியும். வெளியே இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு வராது. எங்கள் தாத்தா காலத்தில் எங்களைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்ததில்லை. நிலம் வைத்திருந்த ஊர்க்காரர் சொன்ன நேரத்துக்கு வயலில் நின்றார்கள், அவ்வளவுதான். இப்போது கடவுளே எனக்கென்று ஒரு வரி எழுதி அனுப்புகிறார் என்றால் அது சின்ன விஷயமா?

ஏழு வருஷமாக அந்த அட்டைகளை அச்சடிப்பது நான். பாஸ்டர் டிசம்பர் கடைசியில் பன்னிரண்டு வசனங்கள் அனுப்புவார். எல்லாம் ஆசீர்வாதம், காவல், உயர்வு. எனக்கு வசனங்களை நீளத்தால்தான் தெரியும். எது இரண்டு வரியில் அடங்கும், எதற்கு எழுத்தைச் சின்னதாக்க வேண்டும் என்று பார்த்த உடனே சொல்வேன். என்ன சொல்கிறது என்று யோசித்ததில்லை. ஏழு வருஷம் கடவுளின் வார்த்தையை அளந்து வெட்டியிருக்கிறேன், படிக்கவில்லை. இந்தக் குற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போன டிசம்பரில் தம்பியின் காலில் ஆணி ஏறியது. சாரத்துப் பலகையில் இருந்த ஆணி. செருப்பைத் துளைத்து, பாதத்துக்குள் போயிருக்கிறது. சர்க்கரையால் அவனுக்குப் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. கீழே இறங்கி, கழுவிவிட்ட தரையில் நடந்தபோது பின்னால் வந்த ஆள், "அண்ணாத்த, இன்னாது செவப்பு பெயிண்ட்ட மிதிச்சிக்கினு வந்துட்ட?" என்று கேட்டிருக்கிறான். அன்று அவர்களிடம் சிவப்பு பெயிண்டே இல்லை.

பத்து நாளில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். பார்த்தது ஒரு இளம் டாக்டரம்மா. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. அவர் விரலைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"அண்ணா, இந்த ரெண்டு விரலை எடுத்தாகணும். புது வருஷம் முடிஞ்சு திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆகுங்க. அதுக்கு மேல தள்ளாதீங்க."

"மேடம், வெரல் இல்லாம சாரத்துல எப்படி நிக்கறது? காக்காவுக்கே முன்னாடி மூணு வெரலு கீது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இப்ப விரல் போனா கால் நிக்கும். தள்ளிப் போட்டீங்கன்னா எங்க வெட்டணும்னு எனக்கே தெரியாது."

திரும்பி வரும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தம்பி சொன்னான். "எனக்கு பயமா கீதுக்கா." அவன் மூன்று மாடி உயரத்தில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறவன். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் பாஸ்டரிடம் அவனே போய்ச் சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன்.

"பாஸ்டர், டாக்டரு வெரலை எடுக்கணும்ன்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. புது வருஷ அட்டைல இன்னா வசனம் வருதோ, அதைப் பாத்து முடிவு பண்ணலாம்னு கீறேன். போன்னு வந்தா போறேன். வேணாம்னு வந்தா கர்த்தரே பாத்துப்பாரு."

"நல்ல முடிவு தம்பி. ஜெபம் பண்ணிக்கோ. கர்த்தர் பேசுவார்."

நினைவிருக்கிறதா பாஸ்டர்? அன்று உங்கள் கை அவன் தோளில் இருந்தது.

புது வருஷ ஆராதனைக்கு இரண்டு நாள் முன்னால் மொத்த அட்டையும் வெட்டிக் கட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் மத்தியானம் கடையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் பாஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. இன்னும் ஒரு வசனம் இருக்கிறது, அதே டிசைனில் போட்டுத் தாங்க சிஸ்டர் என்று. நான் போன் செய்து கேட்டேன்.

"எத்தனை அட்டை பாஸ்டர்?"

"ஒண்ணு போதும்மா."

வழக்கமாகப் போடும் வழவழப்பான வெள்ளை ஐவரி அட்டை தீர்ந்திருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கி மிஞ்சிய சந்தன நிற அட்டை ஒரு துண்டு கிடந்தது. தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அதில் அடித்தேன். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. பாஸ்டர்மார் கார் கண்ணாடிக்கு முன்னால் வைத்துக்கொள்வார்களே, அப்படி ஏதோ என்று நினைத்தேன். சாயங்காலம் நானே கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்தேன். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

புது வருஷத்தன்று தம்பி காலில் கட்டுப் போட்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெளியே கடற்காற்று. ஷாமியானா படபடவென்று அடித்தது. மற்றவர்கள் வரிசையில் நிற்கும் முன்பே பாஸ்டர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"நீ எழுந்து வர வேணாம் தம்பி. கர்த்தரே உன்னைத் தேடி வர்றார்."

தட்டைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். தம்பி கையை நீட்டினான். அவன் கை தட்டுக்குப் போகும் முன் பாஸ்டரின் வலது கை தட்டுக்குள் போய் வந்தது. ஓர் அட்டையை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். நான் இரண்டாவது வரிசை. தட்டு முழுக்க வெள்ளை. அவன் கையில் சந்தன நிறம்.

அது நான் அடித்த அட்டை. அந்த ஒரு நொடியில் எழுந்திருந்தால் இதை நான் எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. எழுந்திருக்கவில்லை. சபை நடுவில் பாஸ்டரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? அவருக்குக் கடவுள் ஏதாவது காட்டியிருக்கலாமே, நமக்கு என்ன தெரியும்? இப்படியெல்லாம் மனசு எனக்கே வக்காலத்து வாங்கியது. அதற்குள் அவர் அட்டையை வாங்கி மைக்கில் வாசித்துவிட்டார்.

கிறிஸ்தவர்களுக்குப் பொருளைச் சொன்னால் போதும், எந்த வசனம் என்று புரியும். கடவுளிடம் மடத்தனமாகத் தெரிவதுகூட மனுஷருடைய அறிவைவிடப் பெரியது, அவரிடம் பலவீனமாகத் தெரிவதுகூட மனுஷருடைய பலத்தைவிடப் பெரியது என்கிற பொருளில் வரும் வசனம்.

வாசித்துவிட்டு அவர் சொன்னார். "டாக்டர் சொன்னது மனுஷ ஞானம். இது தேவ ஞானம். இந்தக் காலில் கத்தி படாது."

கூடம் முழுக்க ஆமென் சொன்னது. நானும் சொன்னேன்.

தம்பியின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். பத்தாவது பாஸான அன்று அவனுக்கு அப்படி ஒரு முகம் இருந்தது. அதற்குப் பிறகு அன்றுதான்.

திங்கட்கிழமை அவன் செங்கல்பட்டுக்குப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. தினமும் சாயங்காலம் பாஸ்டர் ஜெபித்து அனுப்பிய எண்ணெயைத் தடவினார்கள். வீட்டில் நாற்றம் தாங்காமல் தம்பி மனைவி ஊதுவத்தி கொளுத்தி வைத்தாள். இரண்டு நாற்றமும் சேர்ந்து ஒரு நாற்றமானது. நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அங்கேதான் போவேன். தினம் சண்டை.

"எப்பத்தான்டா போவ?"

"வசனம் வந்துட்ச்சி இல்லக்கா. இப்ப போனா அவர நம்பலன்னு ஆயிடும்."

"கால பாருடா. கணுக்கால் வரைக்கும் ஏறிக்கினு கீது."

"கால பாக்காத. வசனத்தப் பாரு."

இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின ஞாயிற்றுப் பிரசங்கத்தில் அதே வார்த்தை வந்தது. அப்போதாவது நான் அட்டையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரும், வந்து நிற்கும். நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவனின் கயிற்றை நானே அறுப்பதா என்று இருந்தது. அந்தக் கயிறுதான் அவன் கழுத்தை இறுக்கியது என்று தெரிந்தும்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலை அவனுக்கு நடுக்கம் வந்தது. போர்வை போட்டும் கட்டில் ஆடியது. என் பெயரை மறந்துவிட்டான். என்னைப் பார்த்து, "டீச்சர்" என்றான். நான் யாரையும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். தம்பி மனைவி பாஸ்டருக்கு போன் போட்டாள். ஆம்புலன்ஸ் முதலில் வந்தது.

அதே டாக்டரம்மாதான் இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பேனாவை எடுத்து முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் விட்டு ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நானும் தினமும் கோடு போட்டுத்தான் வெட்டுகிறேன்.

"இத்தனை நாள் யார் இருக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். நாங்களேதான்."

பாஸ்டர், அன்று நான் உங்களைக் காப்பாற்றினேன். அதற்காக இன்றுவரை என்மேல் எனக்கு ஆத்திரம்.

தம்பியின் காலை எடுத்த மூன்றாம் நாள் நீங்கள் வார்டுக்கு வந்தீர்கள். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தீர்கள், சர்க்கரைக்காரனுக்கு. போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்ததை நீங்கள் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டதை நான் பார்த்தேன். ஜெபம் செய்துவிட்டு, "உயிரைக் காத்தார் பாருங்க" என்றீர்கள்.

"கத்தி படாதுன்னு சொன்னீங்களே பாஸ்டர்?" நான் கேட்டேன்.

"கர்த்தருடைய வழி நம்ம புத்திக்கு எட்டாதும்மா. ஏன் எதுக்குன்னு கேக்கறது மனுஷ ஞானம்."

பக்கத்துக் கட்டில் ஆள்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தான். மேலே பேசினால் கத்தியிருப்பேன், தம்பி தூக்கத்தில் இருந்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் வேதத்தை எடுத்து அந்த வசனம் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். ஏழு வருஷம் துண்டு துண்டாக வெட்டியவள், முதல் தடவை முன்னாலும் பின்னாலும் படித்தேன். எனக்குப் படிப்பு குறைவு. இருந்தாலும் அந்தப் பக்கத்தில் டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருந்தைப் பற்றி இல்லை. அது முழுக்கச் சிலுவையைப் பற்றியது. படித்தவர்கள் சிரித்த விஷயத்தைப் பற்றியது. கடவுள் என்றால் ஜெயித்துக் காட்டுவார் என்று எதிர்பார்த்தவர்கள் முன்னால், குற்றவாளி மாதிரி மரத்தில் தொங்கிச் செத்த ஒருவரைப் பற்றியது. அதுதான் அந்தப் பலவீனம். அதுதான் அந்த மடத்தனம். அவரைச் சிலுவையிலிருந்து இறங்கி வந்து காட்டச் சொன்னார்கள், அவர் இறங்கவில்லை. அடுத்த பத்தியில், சபையில் இருப்பவர்கள் பெரிய படிப்போ குடிப்பிறப்போ இல்லாத ஆட்கள், உலகம் ஒன்றுமில்லை என்று ஒதுக்கினவர்கள் என்று வருகிறது. அது நாங்கள். என் அப்பாவும் அம்மாவும். எங்களைத் தூக்கி நிறுத்த எழுதினதை எங்கள் காலை எடுக்கப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

நான் நாலு நாள் அதையே யோசித்தேன். பஸ்ஸில், வெட்டும் மெஷின் பக்கத்தில், எங்கேயும். கடவுளுடைய ஞானம் மனுஷருடைய ஞானத்துக்கு மேல் என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். மனசார ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாஸ்டர், நீங்கள் யார்? டாக்டரம்மா மனுஷி என்றால் நீங்களும் மனுஷன்தான். கோடு போட்டால் அந்தப் பக்கம் கடவுள் ஒருவர்தான் நிற்கிறார். இந்தப் பக்கம் டாக்டரம்மா, நான், என் தம்பி, நீங்கள், எல்லோரும். நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டீர்கள். டாக்டரம்மா தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். எங்கே வெட்டுவேன் என்று எனக்கே தெரியாது என்றார். நீங்கள் ஒருநாளாவது தெரியாது என்று சொல்லியிருக்கிறீர்களா?

ஆணி ஏறிய கால் எப்படி இருக்கும் என்று கடவுளுக்குத் தெரியும். அது எனக்குப் போதும். அந்தக் கடவுளுக்கு ஒரு சர்ஜனின் கத்தியைக் கண்டு என்ன பயம்?

தம்பி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் காட்டினேன். அவன் அடிப்பான், அழுவான் என்று நினைத்தேன். அவன் தலையணைக்குக் கீழே கையை விட்டு அந்தச் சந்தன நிற அட்டையை எடுத்தான்.

"தெரியும்க்கா."

"இன்னாடா தெரியும்?"

"அன்னிக்கே தடவிப் பாத்தேன். சொரசொரன்னு இருந்துச்சி. எம் பொண்டாட்டி எடுத்தது வழவழன்னு கீது. இது தட்டுல இருந்து வரலன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டா போவல?"

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "எனக்கு வேண்டியது அதுல எழுதி இருந்துச்சி."

வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த தம்பி மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அவுரு பயந்துகினு வாங்கினாரு. பாஸ்டரு குடுத்தாரு. நீ அச்சடிச்சிக் குடுத்த. நான்தான் மூணு வாரம் எண்ண தடவினேன். இப்ப யாரை யாரு கேக்கறது?"

அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பி சொன்னான், "நான் அவர மன்னிச்சிட்டேன். நீயும் வுடுக்கா."

"உன் கால். நீ மன்னிச்சிக்கோ."

அவன் சிரித்தான். கால் போன பிறகு அவன் முதல் தடவை சிரித்தது அப்போதுதான். என்னைவிட அவன் பலசாலி என்று அன்று புரிந்தது. ஒரு கால் இல்லாமல், வேலை இல்லாமல், ஏமாற்றியவனையும் ஏமாந்த தன்னையும் சேர்த்து மன்னித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த வசனத்துக்கு உரை வேண்டுமென்றால் பாஸ்டர், அங்கே போய்ப் பாருங்கள். உங்கள் பிரசங்கத்தில் கிடைக்காது.

நானும் விட்டிருப்பேன். உண்மையாகவே விட்டிருப்பேன். அந்த மனசோடு சில வாரம் இருந்தேன், ஞாயிறு வந்தேன், காணிக்கைப் பை வந்தபோது பையைப் பார்த்தேன், உங்களைப் பார்க்கவில்லை.

இந்த வாரத் தொடக்கத்தில் கடைக்கு ஒரு பேனர் வேலை வந்தது. மாமல்லபுரம் போகும் சாலையில் பந்தல் போட்டு நடத்தும் மூன்று நாள் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்கு. நீங்கள் அனுப்பிய படங்களைத் திறந்தேன். நடுவில் என் தம்பி. கம்பு ஊன்றி நிற்கிற படம். மேலே, மரண வாசலிலிருந்து மீட்கப்பட்ட சகோதரரின் சாட்சி என்று போடச் சொல்லியிருந்தீர்கள். காலை மறைத்து இடுப்பு வரைக்கும் வெட்டிப் போடச் சொல்லி ஒரு குறிப்பும் இருந்தது.

இடுப்பு வரைக்கும். அதையும் என்னையே வெட்டச் சொன்னீர்கள்.

நான் அந்த வேலையைத் தொடவில்லை. ஓனரிடம் சொன்னேன், இதை நான் செய்ய மாட்டேன் என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க கோயில் பேஜாரு எனக்கு வேணாம்மா" என்று வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். பரவாயில்லை. இதுவும் என்னை எழுத வைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் அத்தை வந்து நின்றார். சொந்த அத்தை இல்லை. சபையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஐ.டி. ஆட்கள் இருக்கும் அடுக்குமாடியில் நாலு வீட்டுக்குச் சமையல் செய்கிறவர். வேலை முடிந்து வந்திருந்தார். கையில் சாம்பார் மணம். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உன் தம்பிக்கு ஒரு வசனம் வந்துதே, அதே வசனம் எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. லாமினேஷன் பண்ணி."

"எதுக்கு அத்தை?"

சுற்றிப் பார்த்துவிட்டு முந்தானைக்கு மேலேயே இடது மார்பைத் தொட்டுக் காட்டினார். "கட்டி. நெல்லிக்கா அளவு கீது. நான் சமைக்கிற வூட்டு அம்மா இட்டுனு போயி காட்டிச்சி. செங்கல்பட்டுல ஸ்கேன் எடுத்து, அதோட சதையும் கிள்ளி பாக்கணும்றாங்க. அடுத்த புதன்கிழமை. நான் போவல."

"ஏன் போவல?"

"கன்வென்ஷன்ல ஜெபம் பண்ணலாம்னு பாஸ்டர் சொல்லிக்கீறாரு. உன் தம்பி சாட்சி சொல்றான் இல்ல. அவனுக்குப் பண்ணவரு எனக்குப் பண்ண மாட்டாரா?"

"எத்தனை அட்டை வேணும்?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஒண்ணு போதும்."

அங்கேயே, ஷேர் ஆட்டோ சத்தத்துக்கு நடுவில், எல்லாவற்றையும் சொன்னேன். தனி அட்டை, சந்தன நிறம், செய்தி, எல்லாம். போனைத் திறந்து காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியும். படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வசனம் அச்சடிக்கச் சொன்னது தப்பா? பாஸ்டரு அப்படியெல்லாம் பண்ணுவாரா? நீ தம்பி கால் போன கோவத்துல பேசற."

"அத்தை, அவன் கால் போச்சி. காத்திருந்ததாலதான் போச்சி."

"உயிரு கீது இல்ல? அவனே மேடை ஏறி சாட்சி சொல்லப் போறான். அவன விட உனக்குத் தெரியுமா?"

நான் அட்டை போட்டுக் கொடுக்கவில்லை. அத்தை கோபத்தோடு போய்விட்டார். வேறு கடையில் அடித்துக்கொள்வார். அச்சுக்கடைக்கா பஞ்சம்?

அன்று சாயங்காலம் தம்பியிடம் போனேன். மேடை ஏறாதே என்று சொன்னேன். ஏறினால் நடந்ததைச் சொல் என்றேன்.

"நான் ஏற மாட்டேன். அவருகிட்டயே சொல்லிட்டேன். ஆனா நாலு பேரு முன்னாடி அவரக் காட்டிக் குடுக்க மாட்டேன். மன்னிச்சிட்டு அப்புறம் காட்டிக் குடுத்தா அது மன்னிப்பா?"

"அத்தை செத்துப் போயிடும்டா."

அவன் முகம் மாறியது. கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "அப்ப அவரத்தான் சொல்லச் சொல்லணும். அவரு வாயால வந்தாத்தான் அத்தை நம்பும். நீ சொன்னா நம்பாது. நான் சொன்னாலும், அக்கா சொல்லிக் குடுத்துதுன்னு சொல்லும். அவரு ஆமான்னு சொன்னா நானும் எழுந்து, எனக்கும் தெரியும்னு சொல்றேன். அவரத் தனியா நிக்க வுட மாட்டேன்."

அவன் சொன்னது சரி. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் உங்களிடம் இரண்டு தடவை தனியாக வந்தேன். முதல் தடவை, ஜெபம் பண்ணலாம் வாங்க சிஸ்டர் என்றீர்கள். இரண்டாவது தடவை வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னீர்கள். உங்கள் செருப்பு வாசலில் இருந்தது. தனியாகக் கேட்டு முடிந்துவிட்டது.

நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் எங்கள் தெருவுக்கு அரிசி கொண்டுவந்தது நீங்கள்தான். என் அம்மா செத்தபோது குழிக்குள் இறங்கியது நீங்கள்தான். தம்பிக்கு நல்லது செய்வதாக நினைத்தே அந்த அட்டையைச் செய்திருப்பீர்கள். பயந்தவனுக்குத் தைரியம் கொடுக்கலாம் என்று. கடவுள் பேசவில்லை என்றால் நாம் கொஞ்சம் உதவி செய்யலாம் என்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடவுளுடைய ஞானம் பெரியது என்று நீங்கள் நிஜமாக நம்பியிருந்தால் தட்டை வைத்துவிட்டு ஒதுங்கியிருப்பீர்கள். அவர் பேசட்டும் என்று விட்டிருப்பீர்கள். உங்களுக்கே அவர்மேல் நம்பிக்கை இல்லை. என் தம்பியைப் பார்த்து நம்பு என்றீர்கள்.

இந்த ஞாயிறு ஆராதனைக்கு வருவேன். இரண்டாவது வரிசை, என் இடம். அத்தையும் வருவார். ஸ்கேன் அதற்கு மூன்று நாள் கழித்து. அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் முதலில் நான் எழுந்து நிற்பேன். அந்த அட்டையை நான்தான் அச்சடித்தேன், அது அவன் கையில் விழுந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டு ஆமென் சொன்னேன் என்று சொல்வேன். என் பங்கு அது. அதை உங்கள்மேல் போட மாட்டேன்.

அதற்குப் பிறகு உங்கள் முறை. ஜெபம் வேண்டாம், பாட்டு வேண்டாம், நம் புத்திக்கு எட்டாது என்று சொல்ல வேண்டாம். இது எட்டும். மைக்கை எடுங்கள். அத்தையின் முகத்தைப் பாருங்கள். சபை முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள்: அந்த அட்டை தட்டில் இருந்ததா, உங்கள் கையில் இருந்ததா?